கறுத்த பட்டை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. விளாத்திகுளத்தில் ஒரு சின்னப் பல் கிளினிக்கில் கருவிகளைக் கழுவி அடுக்கும் மரியபுஷ்பம்தான் இதைச் சொன்னார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஒட்டிய உறைகளுக்குள் இருந்த கருவிகளைக் காட்டி, “இதெல்லாம் சுத்தம்னு என்னம்மா அத்தாட்சி? பிரிக்காமலே நிரூபி. பிரிச்சா அசுத்தம்னு எழுதுவேன். முடியலைன்னா இன்னைக்கே கிளினிக்குக்கு சீல்” என்றாராம்.

புஷ்பம் இரண்டு உறைகளை நீட்டினார். “ஐயா, இதுல ஒண்ணு ஆவி மெஷின்ல வெந்தது. இன்னொண்ணு இனிமேதான் வேகணும். பார்த்தாத் தெரியாதுங்கிறீங்கள்ல? ஏதாவது ஒண்ணைத் தொடுங்க. டாக்டர் அதை வச்சே உங்க பல்லைச் சுத்தம் பண்ணட்டும்.”

அதிகாரி பதறிப்போய், ஓரத்துப் பட்டை கறுத்திருந்த உறையைத் தொட்டார். “இதுதாம்மா! வெந்தாத்தானே பட்டை கறுக்கும்?”

“அதையே எழுதிருங்க ஐயா. அலமாரி முழுக்கக் கறுத்த பட்டைதான்.”

அவர் அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

போன வாரம் மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன்: “அவர் வீம்புக்கு வெள்ளைப் பட்டையைத் தொட்டிருந்தா, அதையா அவர் வாயில வைக்க விட்டிருப்பீங்க?”

“அதுக்கு முன்னாடி அதை மெஷின்ல வேக வச்சிருப்பேன், பட்டை கறுக்கிறதை அவரே கண்ணால பார்த்திருப்பாரு” என்று சிரித்தார் புஷ்பம்.