ஊசி இருக்கும் ஊர்

“இந்த மலைக்காரங்க திருந்தவே மாட்டாங்க குருவே” என்று அலுத்துக்கொண்டான் இளவழகன்.

ஜெசிந்தாவை ஆபீஸில் எல்லோரும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இளவழகனைவிடச் சின்னவள். ஆனால் அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

இளவழகன் பாம்புக்கடிக்கு ஒரு செயலி செய்திருந்தான். மலையில் யாரையாவது பாம்பு கடித்தால் அதைத் திறந்தால் போதும். விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று காட்டிவிடும். நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை.

“என்ன பண்ணாங்க?”

“அப்டேட் பண்ண மாட்டேங்கறாங்க. கேட்டா, நெட்டு ஸ்லோவாம். நான் வாராவாரம் உயிரைக் கொடுத்துப் புதுசு பண்றேன். ‘அப்புறம்’னு ஒரு பட்டன் வெச்சிருந்தேன். எல்லாரும் அதையே அமுக்கறாங்க.”

“அதனால?”

“அந்தப் பட்டனையே தூக்கிட்டேன். இனிமே அப்டேட் பண்ணாத்தான் ஆப் திறக்கும்.”

சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை.

“பழசே இருந்துட்டுப் போகட்டுமே.”

“ஐயோ, ஊசி இருக்கற ஆஸ்பத்திரி மாறுமே! பழசை நம்பிப் போனா ஆள் செத்துடுவான்.”

“நியாயம்தான். ஆஸ்பத்திரி மாறினா எதுல சொல்லுவீங்க?”

“அப்டேட்ல.”

“பட்டனோட கலர் மாறினா?”

“அதுவும் அப்டேட்லதான்.”

ஜெசிந்தா ஜீப் சாவியை எடுத்தாள்.

“வாங்க, மலைக்குப் போயிட்டு வரலாம்.”

மலைமேல் பாதை இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே இறங்கினால் மருதனூர். மேற்கே இறங்கினால் சின்னக்கோட்டை. இரண்டு ஊரிலும் ஆஸ்பத்திரி உண்டு. ஊசி எதில் இருக்கிறது என்று தெரியாமல் தப்பான பக்கம் இறங்கிவிட்டால், திரும்ப ஏறி வருவதற்குள் பொழுது போய்விடும்.

ஜெசிந்தா ஜீப்பை நிறுத்திவிட்டுப் புல்லுக்குள் இறங்கி நடந்தாள்.

“ஆ!”

கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“என்னாச்சு குருவே?”

“பாம்பு.”

ஊசி எந்த ஊரில் என்பது பதற்றத்தில் இளவழகனுக்கு நினைவுக்கு வரவில்லை. எந்தப் பக்கம் இறங்குவது? போனை எடுத்தான். சிக்னல் ஒரே ஒரு கோடு.

செயலியைத் தொட்டான்.

‘வணக்கம்! உங்களுக்காகப் புதிய பதிப்பு வந்திருக்கிறது! சற்றே பொறுங்கள்!’

அவனே எழுதிய வாசகம். பக்கத்தில் இருந்த பூங்கொத்துப் படமும் அவன் வைத்ததுதான். கீழே வட்டம் ஒன்று சுற்றியது.

அவன் விரல் தன்னால் திரையின் மூலைக்குப் போனது. அங்கே ‘அப்புறம்’ பட்டன் இல்லை.

“இளவழகன்… கண்ணு மங்குது.”

“இதோ வந்துடும் குருவே, இதோ!”

பக்கத்துப் பாறைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தான். கெஞ்சினான். வாய்க்கு வந்தபடி திட்டினான். யாரைத் திட்டுகிறோம் என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

வட்டம் பாதியில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெயில் இறங்கத் தொடங்கிய பிறகு, ஒருவழியாகச் செயலி திறந்தது.

“மருதனூர்! மருதனூர் குருவே!”

கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

ஜெசிந்தா புல்லில் மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது. கை ஒரு பக்கமாகத் துவண்டு விழுந்திருந்தது.

அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு பக்கத்தில் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கணுக்காலில் ஒரு கீறல்கூட இல்லை.

அவனுக்குக் கோபப்படத்தான் தோன்றியது. ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

“எந்த ஊரு சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“மருதனூர்.”

“போன வாரம்?”

அவன் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

“இந்த வாரம் ஆஸ்பத்திரி எதுவும் மாறலை, பட்டன் கலர்தான் மாறிச்சு. போன வாரமும் மருதனூர்தான்.”

ஜெசிந்தா சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

“சரி, எங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க. நான் செத்து ரொம்ப நேரமாச்சு.”