எட்டு நாள் தொங்கிய கூண்டு

பல தலைமுறைக்கு முன்னால வெண்ணாவல் கோட்டையை மருதவர்மன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தார். கோபம் வந்தா ஊரே நடுங்கும், சந்தோஷம் வந்தா ஊருக்கே விருந்து. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாழிகைகூட இருக்காது. இப்ப அந்த மாதிரி ராசாவுக்கு எங்க போறது, சொல்லுங்க. அவருக்கு மூணு ராணி, பதினோரு பிள்ளைங்க. ஒருத்தருக்குச் சிலம்பம், ஒருத்தருக்கு வீணை, ஒருத்தருக்கு யானையேற்றம்னு அரண்மனையில ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கிட்டே இருப்பாங்க.

அந்த அரண்மனையில மூணாவது பஞ்சவர்ணக்கிளியும் செத்துப்போச்சு. தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கிட்டு, வெறும் தோலோட கிடந்து செத்துது. மூணு கிளியையும் கப்பல்காரங்ககிட்ட பேசி வரவழைச்சவர் சபை அதிகாரி தாண்டவராயர். கிளிகளைப் பார்த்துக்கிட்டவன் அங்கப்பன். ராசா அவன்கிட்ட யோசனை கேட்கிறதெல்லாம் தாண்டவராயருக்கு ரொம்ப நாளாப் பொறுக்கல.

"கிளியில குறை இல்லை, பிரபு," என்றார் தாண்டவராயர். "இதைவிட உசத்தியான ரகம் உலகத்துலயே கிடையாது. வளர்த்தவன் கைதான் ஆகாத கை."

ராசா முகம் சிவந்துபோச்சு. "அங்கப்பா, நீ குடும்பத்தோட எல்லையைத் தாண்டிப் போயிடு. இனி உன் முகத்துல விழிக்க மாட்டேன்."

அங்கப்பன் வாயில்லாப் பூச்சி. அழுதுக்கிட்டு நின்னான். அவன் பெண்டாட்டி செங்கமலம்தான் முன்னால வந்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"மகாராசா, போகச் சொன்னா போறோம். போறதுக்கு முந்தி இந்த வீட்டுக்கு எந்தக் கிளி பொருந்தும்னு பார்த்துச் சொல்லிட்டுப் போறேன். எட்டு நாள் கொடுங்க."

"எட்டே நாள்," என்றார் ராசா. "சொன்னது தப்பா இருந்தா நாடு கடத்தறதோட விடமாட்டேன்."

மறுநாள் காலையில செங்கமலம் சிவப்புத் துணி போர்த்தின ஒரு கூண்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்துல தொங்கவிட்டாள். "என் வீட்டுக்காரர் இந்தப் பக்கமே வரமாட்டார். வீட்டு ஜனங்களே பார்த்துக்கங்க. துணியை எப்ப வேணும்னாலும் விலக்கலாம்," என்று சொல்லிட்டுப் போயிட்டாள்.

எட்டு நாள் ஆச்சு. ஒன்பதாம் நாள் கூண்டைச் சபைக்கு எடுத்து வந்தாங்க. ராசா கேட்டார்: "யார் யார் பார்த்துக்கிட்டீங்க?"

பெரிய ராணி, "நடுவுலவள் பார்த்துக்கிட்டாள்," என்றாள். நடு ராணி, "நான் சின்னவள்னு இல்ல நினைச்சேன்," என்றாள். சின்ன ராணி பிள்ளைங்களைப் பார்த்தாள். பிள்ளைங்க தரையைப் பார்த்தாங்க.

தாண்டவராயர் தொண்டையைச் செருமினார். "நான் இருக்கும்போது குறை வருமா, பிரபு? தினமும் என் கையால கொய்யாப்பழம் ஊட்டினேன். மன்னர் வாழ்கன்னு சொல்லப் பழக்கிட்டேன். நேத்துகூட ரெண்டு தரம் சொல்லிச்சு."

"குரல் எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் செங்கமலம்.

"தேன்."

செங்கமலம் துணியை உருவினாள். கூண்டுக்குள்ள ஒண்ணுமே இல்லை. ஒரு இறகுகூட இல்லை.

"என்னை ஏமாத்தினியா?" என்றார் ராசா.

"உள்ளே கிளி இருக்குன்னு நான் சொல்லலையே, மகாராசா. எங்க கிளிக்காரக் குடியில இது வழக்கம். கிளியைக் கொடுக்கிறதுக்கு முந்தி வெறுங்கூண்டை அனுப்புவோம். அந்த வீட்டுல யாராவது எட்டிப் பார்க்கிறாங்களான்னு தெரிஞ்சுக்குவோம். இங்க எட்டு நாளா ஒருத்தரும் பார்க்கல. பெரிய கிளி ஒரு மனுஷன் முகத்தையே நம்பி உசிர் வாழும். தீனி வேளாவேளைக்கு என் வீட்டுக்காரர் வெச்சார். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம மூணும் ஏங்கிச் செத்துச்சு."

ராசா தாண்டவராயரைப் பார்த்தார். அவர் தன் மேல்துண்டு நுனியைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"அதிகாரியே, அந்தக் கூண்டை உம்ம வீட்டு வாசல்ல மாட்டும். தினமும் கொய்யாப்பழம் ஊட்டும். எனக்கு அது வாழ்க சொன்ன அன்னைக்கு நீர் சபைக்கு வந்தாப் போதும்," என்றார் ராசா. சபை விழுந்து விழுந்து சிரிச்சுது.

ராசா மட்டும் சிரிக்கல. அவருக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு. "நான் சின்னவனா இருந்தப்ப இந்தக் கோட்டையில மொத்தமே ஆறு அறை," என்றார். "எல்லாரும் ஒரே பந்தியில சாப்பிடுவோம். ஒரு சாதாரணப் பச்சைக்கிளி இலைக்கு இலை நடந்து அப்பளத்தைத் திருடும். இருபது வருஷம் இருந்துச்சு. அந்த நாளை நினைச்சா ஏக்கமா இருக்கு, செங்கமலம். அது மாதிரி ஒண்ணு கொடேன்."

"அது அந்த வீட்டுக்குச் சரி, மகாராசா. இந்த வீட்டுக்குக் கைப்பிடிக்குள்ள அடங்கற சின்னக்கிளி போதும். ஜோடியாத்தான் வளர்க்கணும். சமையல்கட்டுப் பக்கத்துல, எந்நேரமும் ஆள் நடமாடற இடத்துல வையுங்க."

"பேசுமா?"

"உங்க பேச்சுப் பேசாது. அதுங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். உங்களுக்கு நேரம் இருந்தா உட்கார்ந்து கேட்டுக்குங்க."

ராசா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்துக்குக் கொடுத்தார். அங்கப்பனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால, "தப்பு என்னோடது," என்றார். அவன் அதுக்கும் அழுதான்.

சின்னக்கிளி ஜோடி வந்துச்சு. அன்னையிலிருந்து மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் அந்தக் கூண்டுப் பக்கத்துலதான்னு ராசா உத்தரவு போட்டார். முதல் நாள் யாருக்கும் என்ன பேசறதுன்னு தெரியல. கிளிங்க ரெண்டும்தான் ஓயாம கீச்சுக்கீச்சுன்னு பேசிக்கிட்டிருந்துச்சு. அதைப் பார்த்துக் கடைக்குட்டி அல்லி வாயைத் திறந்து சிரிச்சாள்.

"உனக்கு முன்பல் விழுந்திருச்சா, தாயி?" என்றார் ராசா.

"அது விழுந்து, போன தை மாசமே முளைச்சிடுச்சு, அப்பா. இது அடுத்த பல்."

ராசா கையில எடுத்த கவளத்தை இலையிலேயே வெச்சார். அப்புறம் இலையைத் தூக்கிக்கிட்டுப் போய் அவள் பக்கத்துல உட்கார்ந்தார்.