ஒன்பது பட்டை வண்டி

குன்றின்மேல் குடிகொண்ட முருகப்பெருமானுக்குப் பால்குடங்களை ஏற்றிச் செல்ல, கரடுமுரடான மலைப்பாதைக்கென்றே ஓர் இழுவை வண்டியைத் தாமே வரைந்து செய்வித்தார் தர்மகர்த்தா சிதம்பரநாதர். பட்டை கூடினால் பலம் கூடும் என்று குலுக்கலைத் தாங்கும் எஃகு வில்பட்டைகளைச் சக்கரத்துக்கு ஒன்பதாக அடுக்கி வைத்தார். ஜீப்பின் பின்னால் பூட்டியதும் வண்டி கல்லுக்குக் கல் துள்ளியது; பாதிப் பால் வழியிலுள்ள பாறைகளுக்கே அபிஷேகமாயிற்று.

பழி ஓட்டுநர் மாசிலாமணியின் தலையில் விழுந்தது.

"ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதவனே! நாளை ஒரு சொட்டுச் சிந்தினாலும் உனக்கு வேலை இல்லை. என் வண்டியில் குறை என்று வாயைத் திறக்கவும் கூடாது!" என்றார் தர்மகர்த்தா.

"குறையா? ஐயா, அது ஒரு டன் தாங்கும் வண்டி. நாலு குடம் பாலை அது பாரமாகவே மதிக்கவில்லை. தங்களைப் போன்ற பெரியவர்கள் ஏறினால்தான் வளைந்து கொடுக்கும்" என்றான் மாசிலாமணி.

மகிழ்ந்துபோன தர்மகர்த்தா, மறுநாள் மற்ற அறங்காவலர் அறுவரோடு தாமும் ஏறி அமர்ந்தார். அத்தனை பாரத்தில் பட்டைகள் வளைந்தன. வண்டி தொட்டிலாய் அசைந்தது. மலையுச்சி சேரும்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"பார்த்தாயா என் வண்டியை!"

"பார்த்தேன், ஐயா. இனி நாள்தோறும் விசுவரூப தரிசனத்துக்கு முன்பே, விடியற்காலை நாலு மணிக்கு, ஏழு பேரும் வந்து ஏறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், சக்கரத்துக்கு ஐந்து பட்டைகளைக் கழற்ற உத்தரவு கொடுங்கள்; பால்குடத்துக்கே வளைந்து கொடுக்கும்."

அறங்காவலர் அறுவரும் தர்மகர்த்தாவைத் திரும்பிப் பார்த்தனர்.

"ஸ்பேனர் கொண்டுவந்திருக்கிறாயா?" என்று கேட்டார் அவர்.