இடது கை ஆசீர்வாதம்

வயிரவ சாமிக்குப் பக்கவாதம் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கேட்கிறவருக்கு மூச்சு முட்டிவிடும்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் சீடர் தாண்டவராயன். ஐம்பத்தாறு வயது. மின்வாரிய வேலையை உதறிவிட்டுச் சாமியின் மடத்துக்கு வந்தவர். நல்ல மனுஷன்தான். என்ன, சாமியின் பெருமைமேல் ஒரு தூசு பட்டாலும் தாங்க மாட்டார். கட்டிலில் தொங்கிய யூரின் பையைக்கூடக் காவித் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

அன்று காலை நர்ஸ் ஜெசிந்தா, சாமிக்குப் போட்டிருந்த யூரின் டியூபை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே சிஸ்டர். சாயங்காலம் பக்தர்கள் வர்றாங்க."

"நாள் கூடக் கூடக் கிருமி சேரும் ஐயா. பக்தர்களுக்காகவா டியூப் வைக்கிறது?"

சொல்லிக்கொண்டே சிறுநீர் பிடிக்கிற பிளாஸ்டிக் கேனை அவர் கையில் திணித்தாள்.

"ரெண்டு மணிக்கொரு தடவை நீங்களா வைங்க. நடுவுல முட்டிச்சுன்னா இடது கையைத் தூக்குவாரு, சொல்லி வச்சிருக்கேன். தூக்கினதும் ஓடிப் போய்ப் பிடிக்கணும். அவருக்கா தெரிஞ்சு, அவரா போனாத்தான் பழக்கம் திரும்பும். இல்லேன்னா டயப்பர், மறுபடி டியூப்னு காலம் பூரா இழுத்துடும்."

மதியத்துக்குள் இரண்டு முறை சாமி கை தூக்கினார். இரண்டு முறையும் கேனிலேயே போனார். தாண்டவராயனுக்குப் பரீட்சையில் பாஸான சந்தோஷம். சாமியும் வாய் கோணச் சிரித்தார்.

சாயங்காலம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பழத்தட்டு, மாலை, கண்ணீர். சாமியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தியிருந்தார் தாண்டவராயன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாமியின் இடது கை மெல்ல எழுந்தது.

தாண்டவராயன் குனிந்து பார்த்தார். கேன் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்களே! மகான் என்று கும்பிட வந்தவர்களிடம் இதை எந்த வாயால் சொல்வது?

கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"சாமி ஆசீர்வாதம் பண்றாங்க!" என்றார் தாண்டவராயன்.

அவ்வளவுதான். பன்னிரண்டு பேரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒரு அம்மா விம்மி விம்மி அழுதார். சாமி தாண்டவராயனையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கை இறங்கவில்லை. வேட்டி நனைந்தது, விரிப்பும் நனைந்தது.

எழுந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி ஒவ்வொருவராக நழுவினார்கள்.

ஜெசிந்தா வந்து விவரம் கேட்டாள். "காலையிலேர்ந்து எவ்ளோ அழகா சொல்லிட்டிருந்தாரு" என்றாள். விரிப்பை மாற்றிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தாண்டவராயனுக்கு.

அதன்பிறகு சாமி கையைத் தூக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் மறுபடியும் விரிப்பு நனைந்தது.

தாண்டவராயன் துடைத்தார். வேட்டி மாற்றினார். அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. சாமியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. இனிமே யார் இருந்தாலும் நான் கேனைப் பிடிக்கிறேன். கையை மட்டும் தூக்குங்க."

சாமி இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அத்தனை பேர் முன்னாடி நனைஞ்சுபோச்சேன்னு வெட்கமா சாமி?"

சாமியின் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. "நனைஞ்சதுக்கு… இல்ல."

மூச்சு வாங்கினார். தாண்டவராயன் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"கும்பிட்டாங்களே… அதுக்கு."