முப்பத்து நான்கு சதவீதம்

"மிஸ், முந்தாநாள்ல இருந்து முப்பத்தி நாலுலயே நிக்கி. ஏன் இப்பிடி மெதுவாப் போவுது?"

கேட்டவர் சங்கரலிங்கம். வயது அறுபத்து நான்கு. புளியங்குடியில் குடிதண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடி ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று முப்பது வருடம் ஊருக்கே சொன்ன மனிதர், வீட்டுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் போடும் வேலையை எப்போது முடிக்கும் என்று தெரியாமல் மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

கேட்கப்பட்டவள் ஷமீமா. வயது முப்பத்தொன்று. மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்து வகுப்பு நடத்துகிறாள். ஊரில் அவளுக்கு மிஸ் என்றுதான் பெயர். அவள் வாப்பா வயதுக்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்குக் கூச்சப்படுவதில்லை.

அவள் முதலில், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். பென் டிரைவை முன்பக்கத்திலிருந்து பிடுங்கிப் பின்பக்கத்தில் செருகினாராம். ரேமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாராம். இரண்டு தடவை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாராம். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதற்கு நேரே திருப்பி வைத்தாராம். இரண்டு நாளாகக் காற்று கம்ப்யூட்டருக்கு, வியர்வை அவருக்கு.

"சத்தம் எப்பிடி வருது அண்ணாச்சி?"

"என்ன சத்தம்?"

"உள்ள இருந்து."

அவர் யோசித்தார். பிறகு பல்லி கத்துகிற மாதிரி நாக்கால் ஒரு சத்தம் செய்தார். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் செய்தார்.

ஷமீமா வகுப்பை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

*

அந்தக் கம்ப்யூட்டர் அவர் மனைவி கோமதியுடையது.

கோமதிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் இருக்கும்போதே வேண்டியதைப் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும் என்றும் சொன்னார்.

கோமதி அழுதுவிட்டு நேராக ஷமீமாவின் மாடிக்கு வந்தாள். பதிவு செய்வது எப்படி என்று மூன்று நாள் கற்றுக்கொண்டாள். பிறகு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாகப் பேசிப் பதிந்தாள்.

தண்ணி வேணும். வலிக்கு. யாரு வந்திருக்கா? ரசத்துக்கு உப்பு பத்தல. நீங்க சாப்பிட்டாச்சா?

டெஸ்க்டாப்பில் பெரிது பெரிதாக நாற்பத்து மூன்று படங்கள் வைத்தாள். மவுஸால் தொட்டால் பேசும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் நான்கு மாதம் அவள் அப்படித்தான் பேசினாள். சண்டைகூட அப்படித்தான் போட்டாள். உப்பு பத்தல என்பதை மூன்று தடவை தொடர்ந்து தொட்டால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

பிறகு நோய் திரும்பி வந்தது. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவள் போன பிறகு சங்கரலிங்கத்துக்கு ஒரே பயம்தான். அந்தப் பெட்டி கெட்டுப்போய்விட்டால் என்ன செய்வது? அதைக் காப்பாற்றத் தெரிய வேண்டும் என்றுதான் ஷமீமாவின் முதியோர் வகுப்பில் சேர்ந்தார். நோட்டுப் போட்டு எழுதினார். வீட்டுப்பாடம் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கினார்.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் தொடுவார். நீங்க சாப்பிட்டாச்சா என்று கோமதி கேட்பாள். இப்பத்தான் உக்காருதேன் என்று அவர் சொல்லுவார். வெளியாட்கள் பார்த்தால் சிரிக்கலாம். அவர் அந்த ஒரு கேள்விக்காகத்தான் சமைத்தார்.

கொஞ்ச நாளாகக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. படத்தைத் தொட்டால் குரல் வரப் பத்து நிமிடம் ஆனது. அவர் சாப்பிட்டுக் கை கழுவி, தட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகு கோமதி கேட்பாள், நீங்க சாப்பிட்டாச்சா என்று.

அது அவருக்குத் தாங்கவில்லை. புதிதாக விண்டோஸ் போட்டால் வேகமாகிவிடும் என்று வகுப்பில் படித்திருந்தார். யாரையும் கேட்காமல் தானே ஆரம்பித்துவிட்டார்.

*

ஷமீமா வீட்டுக்குள் வந்தாள். திரையில் முப்பத்து நான்கு என்று இருந்தது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் திரையைப் பார்க்கவில்லை. ஃபேனை நிறுத்தினாள். தரையில் மண்டியிட்டு, திறந்து கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு கையை நீட்டி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"மிஸ்!"

திரை கறுத்தது. இரண்டு நாள் உழைப்பு ஒரு நொடியில் போய்விட்டதே என்று அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்து நான்கு வரைக்கும் கொண்டுவர அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வாத்தியாரம்மா என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இதுக்குள்ள கோமதியக்கா குரல் இருந்துச்சே, அதை எங்க வச்சீங்க?"

அவர் முகம் தெளிந்தது. நல்லவேளை, பதில் தெரிந்த கேள்வி. நோட்டை எடுத்துக் காட்டினார். வகுப்பில் ஷமீமா சொன்னதைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். புதிதாக விண்டோஸ் போட்டால் சி டிரைவில் இருப்பது போய்விடும், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும்.

"நாப்பத்தி மூணையும் டி-க்கு மாத்திட்டேம்லா மிஸ். ஒரு நொடிதான் ஆச்சு. மாத்திட்டு, அங்க போயி ஒண்ணைத் தொட்டும் பாத்தேன். பேசிச்சு. அதுக்கப்புறந்தான் சி-யை அழிச்சேன்."

ஒரு நொடி என்ற சொல்லைக் கேட்டதும் ஷமீமாவின் முகம் மாறியது. நாற்பத்து மூன்று குரல்கள் ஒரு நொடியில் இடம் மாறாது.

*

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மாடிக்குக் கொண்டுபோய், வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். அவரும் கூடவே வந்தார். டி டிரைவைத் திறந்தாள்.

நாற்பத்து மூன்றும் வரிசையாக இருந்தன. தண்ணி, வலி, உப்பு, சாப்பாடு. கோமதி வைத்த பெயர்கள்.

"இருக்குல்லா?" என்றார் அவர், சந்தோஷமாக.

"ஒண்ணத் தொடுங்க."

அவர் சாப்பாட்டைத் தொட்டார். குரல் வரவில்லை. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இது குறிக்கும் பொருள் அதன் இடத்தில் இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

தண்ணியைத் தொட்டார். அதே பெட்டி. வலியைத் தொட்டார். அதே பெட்டி. நாற்பத்து மூன்றையும் தொட்டார். ஷமீமா தடுக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இருந்த சிறிய வளைந்த அம்புக்குறியை விரலால் காட்டினாள்.

"இது குரல் இல்ல அண்ணாச்சி. குரல் எங்க இருக்குன்னு காட்டுற பலகை. குரல் சி-யில இருந்துச்சு."

"நான் தொட்டப்ப பேசிச்சே."

"அப்ப சி இருந்துச்சுல்லா."

அவர் அந்த அம்புக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம் தினமும் பார்த்த படங்கள். அம்புக்குறியை அவர் ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தார்.

"நீங்க இத வகுப்புல சொல்லவே இல்லையே மிஸ்."

உண்மைதான். அவள் சொல்லவில்லை. அந்தப் பாடம் நடக்க வேண்டிய நாளில் முதியோர் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் எல்லாருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டோ அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பாடம் அப்படியே போய்விட்டது.

"சொல்லல," என்றாள். "தப்பு என்னுதுதான்."

பரவாயில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருக்கு அப்போது பரவாயில்லை என்று எதுவுமே இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

*

அவர் முதல் கேள்விக்கே திரும்பினார். அது ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது?

டிஸ்க் சாகக் கிடந்தது என்று ஷமீமா சொன்னாள். ஒவ்வொரு துண்டாக எழுத முயன்று, முடியாமல், திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. அந்தப் பல்லிச் சத்தம் அதுதான். குரல் வரப் பத்து நிமிடம் ஆனதும் அதனால்தான். விண்டோஸ்மேல் தப்பே இல்லை.

"சீக்கிரம் முடியணும்னு பிள்ளையாருக்கு விடலைத் தேங்கா போடுறதா நேந்திருந்தேன் மிஸ்."

"அவரு கேக்காததே நல்லது. வேகமா முடிஞ்சிருந்தா பழசு மேலெல்லாம் புதுசு ஏறியிருக்கும். தேடுறதுக்கே ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

"இப்ப மிஞ்சியிருக்கா?"

"தெரியல. தேடுதேன்."

அவள் நான்கு நாள் தேடினாள். அழிந்த இடங்களில் எஞ்சியதைப் பொறுக்கி எடுக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டு, வகுப்பையும் நடத்திக்கொண்டிருந்தாள். அவர் தினமும் காலையிலேயே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். இடையில் அவள் திரும்பிப் பார்ப்பாள். அவர் புருவத்தைத் தூக்குவார். அவள் இல்லை என்று தலையசைப்பாள். மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. ஷமீமா வீட்டிலிருந்து வந்த சோற்றில் பாதியை ஒரு தட்டில் வைத்து அவர் முன்னால் வைத்தாள். சாப்பிட்டாச்சா என்ற கேள்வியைக் கேட்காமலே அவர் சாப்பிட்டார், ருசியே தெரியாமல்.

நான்காம் நாள் பல்லிச் சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது. டிஸ்க் இருக்கிறது என்பதையே கம்ப்யூட்டர் மறந்துவிட்டது.

*

ஐந்தாம் நாள் காலை ஷமீமா போன் செய்தாள். அவர் வந்தபோது மாடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. வகுப்பை விடுமுறை விட்டிருந்தாள்.

"டிஸ்க் நிக்கதுக்கு முன்ன பொறுக்குனதுல ஒண்ணே ஒண்ணு முழுசா வந்திருக்கு அண்ணாச்சி. மத்ததெல்லாம் போச்சு."

அவர் எது என்று கேட்டார். சாப்பாடா என்று கேட்டார். பெயர் அழிந்துவிட்டதால் எது என்று தெரியாது என்றும், தான் கேட்டுப் பார்க்கவில்லை என்றும், அவர் கேட்பதற்கு முன்னால் தான் கேட்பது முறையில்லை என்றும் அவள் சொன்னாள்.

அவர் கும்பிட்டுக்கொண்டார். சாப்பாடாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது யாரும் படிக்கலாம் போல முகத்தில் எழுதியிருந்தது.

ஷமீமா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். இருக்கச் சொன்னார். ஹெட்போனை மாட்டத் தெரியவில்லை, ஸ்பீக்கரிலேயே போடச் சொன்னார்.

முதலில் நாற்காலி நகரும் சத்தம் வந்தது. பிறகு ஒரு செருமல். அதன் பிறகு கோமதியின் குரல், ஆபரேஷனுக்கு முந்தைய குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவளே.

"கொஞ்ச நேரம் என்னையத் தனியா விடுங்க."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஷமீமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இது அவ வச்ச நாப்பத்தி மூணுல இல்ல மிஸ்," என்றார் சங்கரலிங்கம். "நாப்பத்தி மூணும் எனக்கு மனப்பாடம். இத நான் கேட்டதே இல்ல."

ஷமீமா யோசித்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

"பேசிப் பதிஞ்சிருக்காங்க. ஆனா இதுக்குப் படம் வைக்கவே இல்ல."

"ஏன்?"

பதில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு வருடம் நான்கு மாதம். அவர் கோமதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, தலையணையை மாற்றவா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் நாற்பத்து மூன்றைத் தொட்டுத் தொட்டு அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தனியாக விடுங்கள் என்று மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அவர் அழுதார். சத்தமில்லாமல், மேல்துண்டால் முகத்தை மூடாமல், வெகுநேரம் அழுதார்.

அழுது முடித்ததும் ஷமீமா, இதை இரண்டு மூன்று இடத்தில் பத்திரமாகப் போட்டுத் தருகிறேன் என்றாள். ஒன்று பென் டிரைவில், ஒன்று அவர் போனில். போனில் என்றால் தொட்டதும் பேசும், காத்திருக்கவே வேண்டாம் என்றாள்.

அவர் போனை எடுத்து நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார்.

"இப்ப வேண்டாம் மிஸ். கொஞ்ச நேரம் தனியா விடச் சொல்லி அவ கேட்டுட்டால்லா."