சாப்பிடுறவங்க வாயையே பாத்த நாய்

ஒரு ஊர்ல ஒரு குட்டி நாய் இருந்துச்சாம். அதுக்குக் குரைக்கத் தெரியாது, வாலாட்டிக் கெஞ்சத் தெரியாது. யாராவது சாப்பிட்டா எதிர்ல போய் உக்காந்து அவங்க வாயையே பாக்கும். அவ்வளவுதான். ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

அன்னிக்கு அதுக்குப் பசின்னா பசி. வயிறு கடமுட கடமுடன்னு கத்துது. அப்போ டீக்கடை மூக்காயி அக்கா வடை தின்னுட்டிருந்தாங்க. நாய் போய்ப் பாத்துச்சு. "அய்யய்யோ, கண்ணு வைக்குது! எனக்கு வயித்த வலிக்கப் போவுது!"ன்னு தண்ணியை எடுத்து ஊத்துனாங்க, சளார்!

அப்புறம் வரப்புல கூழ் குடிச்சுட்டிருந்த சடையன் தாத்தாகிட்ட போச்சு. அவரு முதுகைத் திருப்பிக்கிட்டு, தூக்குச்சட்டியைத் துண்டால மூடி, "ஓடு! என் கூழுக்கும் கண்ணு வைக்காத!"ன்னாரு.

பாவம், தள்ளாடித் தள்ளாடி தையக்காரர் ஏகாம்பரம் கடைக்குப் போச்சு. அவருக்கு ஒரு கிறுக்கு. தடியான இங்கிலீஷ் அகராதியைப் பிரிச்சு வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவாரு. அதுலயும் யாரும் பேசாத வார்த்தையாத் தேடுவாரு. மழை பெஞ்சா வர்ற மண்வாசனைக்கு ஒண்ணு, பெட்ரிகோர். வயிறு கத்துறதுக்கு ஒண்ணு, போர்போரிக்மஸ். சொல்லிப் பாரு! உனக்கே சிரிப்பு வருதுல்ல?

நாய் வயிறு கடமுடன்னுச்சு. "அட, போர்போரிக்மஸ்!"னு நிமிந்தாரு. நாய் அவரு வாயையே பாக்குது. "ஆகா, குரோக்! நமக்கும் கெடைக்குமான்னு ஏங்கி, வாய் தொறக்காம, சாப்பிடுறவங்களையே பாக்குறது! இத்தனை நாள் படிச்சதோட சரி, இப்பத்தான் நேர்ல பாக்குறேன்!" அந்தச் சந்தோஷத்துல நாயைப் பாத்துக்கிட்டே ஒரு இட்லி, இன்னொரு இட்லி, கடைசி இட்லி... லபக்!

நாய் தலையைக் கீழ போட்டுப் படுத்துருச்சு. அப்போதான் அவருக்குச் சுருக்குன்னுச்சு. டப்பா காலி. "அடப் பாவமே, அர்த்தத்தைச் சொல்லிக்கிட்டே எல்லாத்தையும் முழுங்கிட்டேனே!"

நாயைத் தூக்கிக்கிட்டு டீக்கடைக்கு ஓடுனாரு. பன்னைப் பால்ல நனைச்சு வச்சாரு. சளக் சளக்!

"கண்ணு வச்ச நாய்க்கா விருந்து, தம்பி?"ன்னாங்க மூக்காயி அக்கா.

"அது கண்ணு இல்லக்கா. குரோக்கு."

"அப்படின்னா?"

"பசிக்குது, கேக்கத் தெரியலன்னு அர்த்தம்."

அக்கா கையில இருந்த வடையில பாதியைப் பிச்சு, கீழ வச்சாங்க.

அப்புறம் நாய்க்குப் பேரே குரோக்கு. அது வந்து உக்காந்தா சடையன் தாத்தாகூட துண்டைத் தேடுறதில்ல.

என்னடா, என் வாயையே பாக்குற? இன்னொரு கதைக்குக் குரோக்கா? நாய் வயிறு நெறஞ்சுது, கதையும் நெறஞ்சுது, கண்ணை மூடு.