கிரிஸ்டல் கிளியர், மகாராஜா!

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிப்பு உண்டு. ஆனால் இப்போது இல்லை. முதலில் ராஜா வெற்றிலை போட்டுக்கொள்ளட்டும்.

வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி வந்த காலத்தில், ஆலங்கரைச் சீமையைச் செண்பகராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். வாயில் எந்நேரமும் வெற்றிலைக் குதப்பல். சாறு சிந்திவிடாமல் அண்ணாந்தேதான் உத்தரவு போடுவான். "ழொழ்ழோ ழாழும்!" என்றுதான் காதில் விழும்.

துரைமார் பேச்சை ராஜாவுக்கு மொழிபெயர்க்கிறவர் துபாஷி சொக்கப்பன். மூக்கால் பேசுவார். "மஹாராஜா! 'புரிந்தது' என்பதெல்லாம் பாமரப் பேச்சு. இங்கிலீஷில் கிரிஸ்டல் கிளியர்! லவுட் அண்ட் கிளியர்!"

ராஜாவுக்கு ஒரே குஷி. அன்றிலிருந்து, அவன் வாயை மூடியதும் சபை முழுக்க "கிரிஸ்டல் கிளியர்!" என்று முழங்க வேண்டும் என்பது சட்டம்.

சிரிப்பா? வருகிறது, பொறுங்கள். முதலில் ஏரி நிரம்பட்டும்.

நிரம்பியது. ராஜா அண்ணாந்தான். "ழேழ்ழழை ழிழ!"

"கிரிஸ்டல் கிளியர்!" என்றது சபை.

மடை திறக்கும் நீர்க்கட்டி ஒய்யான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சாமி, புரியலீங்க. மேல்மடையா, கீழ்மடையா? மாத்தித் தொறந்தா ஊரு நாத்தெல்லாம் முங்கிப்போயிரும்."

துபாஷி துள்ளினார். "கேட்டீர்களா! எல்லாருக்கும் கிளியர் ஆஸ் டே! இவனுக்கு மட்டும் புரியவில்லையாம். தங்கள் வாக்கிலேயே குறையாம்!"

ராஜா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சீறினான். "நாளைப் பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு சீமையை விட்டு ஓடு!"

இது மட்டும் எல்லாருக்கும் நன்றாகவே புரிந்தது.

மறுநாள் ஒய்யான் மூட்டையும் கையுமாகச் சபை வாசலில் நிற்க, மந்திரி பூவராகர் இரண்டு கன்னமும் புடைக்கச் சபைக்கு வந்தார். ஓர் ஓலையை விரித்தார். அண்ணாந்தார். "ழுழியாழழைப் ழுழிழ்ழழு..."

ராஜாவுக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் சபை பார்க்கிறதே! "கிரிஸ்டல் கிளியர்!" என்று முந்திக்கொண்டு, மோதிரத்தை அரக்கில் அழுத்தி முத்திரையும் குத்தினான்.

"லவுட் அண்ட் கிளியர்!" என்றார் துபாஷி.

மந்திரி படிக்கத்தில் துப்பினார். வாய் கொப்பளித்தார். அதே ஓலையை நிறுத்தி நிதானமாகப் படித்தார். "புரியாததைப் புரிந்ததென்று இந்தச் சபையில் இன்று முதலில் சொன்னவர், ஒய்யானுக்குப் பதிலாகச் சீமையை விட்டுப் போக வேண்டும். அடுத்துச் சொன்னவர் குடை பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும்."

துபாஷியின் மூக்குக் குரல் மூக்குக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது.

"பலே உத்தரவு!" என்றான் ராஜா. "யாரய்யா அந்த முதல் முட்டாள்?"

இப்போது சிரிக்கலாம். ஆனால் சபையில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லாருமே தலையாட்டியவர்கள்தானே? அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"யாரென்று கேட்கிறேன்!"

ராஜா சுற்றிலும் பார்த்தான். ஓலையைப் பார்த்தான். தன் மோதிரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு அரக்கைப் பார்த்தான். காது மடல் இரண்டும் அதே நிறமாயின.

வாயில் போடப்போன வெற்றிலையை மெல்லக் கீழே வைத்தான். அண்ணாந்தே பேசிப் பழகியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒய்யா... நீ எங்கேயும் போக வேண்டாமப்பா. மேல்மடை. நான் சொன்னது மேல்மடை."